ஆரம்பப் பிரிவில் விஞ்ஞானம்: கற்பிப்பதும் கணிப்பிடுவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தரம் 3 முதல் 6 வரை படிப்பிக்கும் ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தாளங்குடா, அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரிகளை முடித்துப் புதிதாக நியமனம் பெற்று வந்தவர்கள்தான் அதிகம் கேட்பார்கள். விடைகள் பலவாக இருந்தாலும் அடியில் ஓடுவது ஒரே விடயம்: பிள்ளை என்ன நினைக்கிறது என்பதை முதலில் வெளியே எடுங்கள். பாடத்தையும் கணிப்பீட்டையும் அங்கிருந்து தொடங்கலாம்.

ஆரம்பப் பிரிவில் விஞ்ஞானம் என்றொரு பாடமே இல்லையே?

பெயர்தான் இல்லை. தரம் 5 வரை அது சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்குள் இருக்கிறது. தரம் 6இல் விஞ்ஞானம் என்று தனியாகப் பிரிகிறது. “இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது” என்று தரம் 6 ஆசிரியர் குறைபடுவார். “எல்லாம் படிப்பித்துத்தான் அனுப்பினோம்” என்பார் தரம் 5 ஆசிரியர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பெயர்கள் தெரியும், பட்டியல் பாடம். ஒன்றைப் பார்த்து, அளந்து, “ஏன் இப்படி?” என்று யோசித்துக் காரணம் சொல்வது மட்டும் பழகவில்லை. அதைத் தரம் 3இலேயே பழக்கலாம்.

பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

எதிர்வுகூறலிலிருந்து. செய்து காட்டுவதற்கு முன்னர் “என்ன நடக்கும்? ஏன் அப்படி நினைக்கிறாய்?” என்று கேட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் கொப்பியில் எழுத வையுங்கள். பிறகு செய்து பாருங்கள். பிறகு பார்த்ததற்கும் நினைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பேசுங்கள். எதிர்வுகூறு, அவதானி, விளக்கு என்ற இந்த மூன்று படிகளும் பல நாடுகளில் பழைய பழக்கம். ஆனால் நம் வகுப்புகளில் முதலாவது படி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

ஓர் உதாரணம். மூன்று யோகட் கோப்பைகள் போதும். ஒன்றில் கிணற்று நீர், ஒன்றில் கடல் நீர், மூன்றாவதில் கிணற்று நீரில் நிறைய உப்புக் கரைத்த கரைசல். ஒரு கோழி முட்டையை ஒவ்வொன்றிலும் இட்டால் என்ன ஆகும்? கல்லடி, களுவாஞ்சிக்குடி, திருக்கோவில் போன்ற கடலோரப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். கடல் நீரில் முட்டை மிதக்கும் என்று பெரும்பாலானோர் அடித்துச் சொல்வார்கள். “கடலில் மிதக்கிறது லேசு” என்பது அவர்கள் குளித்து அறிந்த உண்மை. ஆனால் புதிய முட்டை கடல் நீரிலும் தாழும். கடல் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புத்தான் இருக்கிறது. முட்டையை மிதக்க வைக்க அது போதாது. ஒரு தம்ளர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி உப்பு போட்டால் முட்டை எழும்பி வரும்.

முட்டை கடல் நீரில் தாழும் நேரம் வகுப்பில் ஒரு சத்தம் எழும். அந்த இடத்தில் விளக்கம் சொல்ல வாயைத் திறக்காதீர்கள். “சரி, நீ ஏன் மிதக்கும் என்று எழுதினாய்?” என்று மட்டும் கேளுங்கள். ‘உப்பு இருந்தால் மிதக்கும்’ என்பதிலிருந்து ‘எவ்வளவு உப்பு?’ என்ற கேள்விக்குப் பிள்ளைகள் தாங்களாகவே வந்து சேர்வார்கள். உப்பைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து எண்ணும் வேலையையும் அவர்களிடமே விடுங்கள். முட்டை மட்டும் புதிதாக இருக்க வேண்டும். பழைய முட்டையின் ஓட்டு வழியே நீர் ஆவியாகி, உள்ளே காற்றறை பெருத்திருக்கும். அது கிணற்று நீரிலேயே மிதந்து உங்கள் பாடத்தைக் கெடுத்துவிடும். கெட்டாலும் நட்டமில்லை, அடுத்த பாடத்துக்கு அதுவே விடயம்.

எழுதிய எதிர்வுகூறலை அழிக்க விடக்கூடாது. பிழையாக எழுதிய பிள்ளை உடனே அழிறப்பரைத் தேடும். “இது பரீட்சை இல்லை, இதற்குப் புள்ளி இல்லை” என்று முதல் நாளே சொல்லுங்கள், அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள்.

கேள்வி கேட்டால் அதே நாலு பிள்ளைகள்தான் கை உயர்த்துகிறார்கள்.

நாம் காத்திருப்பதில்லை, அதுதான் காரணம். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க விஞ்ஞானக் கல்வி ஆய்வாளர் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்ட பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன் அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று செக்கனாக நீட்டியபோது விடைகள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று செக்கன் என்பது வகுப்பில் நின்றால் மிக நீளமாகத் தெரியும். மனதுக்குள் எண்ணுங்கள்.

அப்புறம், கை உயர்த்தும் பழக்கத்தையே சில நாட்களுக்கு நிறுத்திப் பாருங்கள். பக்கத்துப் பிள்ளையோடு பேசவிட்டு, பிறகு நீங்களே பெயர் சொல்லி அழையுங்கள். “உன்னுடைய கூட்டாளி என்ன சொன்னான்?” என்று கேட்டால் கூச்சமுள்ள பிள்ளையும் வாய் திறக்கும், அது தன் விடை இல்லையே.

பரிசோதனை ‘பிழைத்து’ விட்டால் என்ன செய்வது?

பயறு முளைப்பிக்கும் பாடத்தில் இது கட்டாயம் நடக்கும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வழமையாக என்ன செய்கிறோம்? இரண்டு மூடிகளில் ஈரப் பஞ்சு வைத்து, பயறு போட்டு, ஒன்றை ஜன்னலோரமும் மற்றதை அலுமாரிக்குள்ளும் வைக்கிறோம். வெளிச்சம் இல்லாததில் முளைக்காது என்று ஆசிரியரே நம்பியிருப்பார். ஒரு கிழமைக்குள் அலுமாரியைத் திறந்தால் அங்கே உள்ளதுதான் உயரமாக நிற்கும். பிள்ளைகள் கத்துவார்கள்: “டீச்சர், இருட்டுலதான் நல்லா வளந்திருக்கு!” பல வகுப்புகளில் இந்த இடத்தில் ஆசிரியர் மூடியை ஒதுக்கி வைத்துவிட்டு, பாடநூலில் உள்ள முடிவை எழுதச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். கண்ணால் பார்த்ததை விடப் புத்தகத்தில் உள்ளதை எழுது என்றுதான் அந்த நாளில் பிள்ளை படித்திருக்கும்.

உண்மையில் அங்கே இரண்டு பாடங்கள் கிடக்கின்றன. ஒன்று, பயறு முளைப்பதற்கு வெளிச்சம் தேவையில்லை. நீரும் காற்றும் ஏற்ற வெப்பமும் போதும். உணவு வித்திலைகளுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு, முளைத்த பிறகு இருட்டில் உள்ள நாற்று வெளிச்சத்தைத் தேடி நீண்டுகொண்டே போகிறது. சேமித்த உணவு தீரும் வரைதான் அந்த ஓட்டம்.

“நல்லா வளந்திருக்கு” என்றால் எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேளுங்கள். உயரத்தை அளக்கட்டும். பிறகு நிறத்தை எழுதட்டும், தண்டின் தடிப்பை விரலால் தொட்டுப் பார்க்கட்டும், இலை எவ்வளவு விரிந்திருக்கிறது என்று வரையட்டும். ஜன்னலோரத்தில் உள்ளது குட்டையாக, பச்சையாக, நிமிர்ந்து நிற்கும். அலுமாரியில் உள்ளது வெளிறிய மஞ்சளாக, நூல் போலச் சரிந்து கிடக்கும். உடனே முடிவு சொல்லாமல் இரண்டையும் தொடர்ந்து வைத்திருங்கள். இருட்டில் உள்ளது சில நாட்களில் வாடத் தொடங்கும். பாதி நாற்றுகளை வாடுமுன் வெளிச்சத்துக்கு எடுத்து வைத்தால் அவை பச்சை பிடிக்கும், அதையும் பார்க்கலாம்.

கணிப்பீட்டுக்கும் இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ‘நல்ல வளர்ச்சி’ என்பதற்கு ஒரு பிள்ளை உயரத்தை மட்டும் சொல்கிறதா, நிறத்தையும் சேர்க்கிறதா, இரண்டையும் வைத்து ஏன் என்று யோசிக்கிறதா? மூன்று பிள்ளைகள் மூன்று படியில் நிற்பது தெளிவாகத் தெரியும்.

ஆய்வுகூடம் இல்லை, உபகரணம் இல்லை.

ஆரம்பப் பிரிவுக்கு ஆய்வுகூடம் தேவையும் இல்லை. சோடாப் போத்தல், பலூன், சிரட்டை, தகரப்பேணி, மெழுகுதிரி, நூல், அடிமட்டம். மஞ்சள் கரைத்துத் தடவிய தாளில் சவர்க்கார நீர் பட்டால் சிவக்கும், தேசிக்காய்ச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். செவ்வரத்தம் பூவை வெந்நீரில் ஊற வைத்தாலும் இப்படி நிறம் மாற்றிக் காட்டலாம். உண்மையில் தட்டுப்படுவது நேரம்தான். நாற்பது நிமிடத்தில் மூன்று செயற்பாடு செய்ய வேண்டாம், ஒன்றை முழுதாகச் செய்யுங்கள்.

வெளிக்களச் சுற்றுலாவுக்கு அனுமதி எடுப்பதே பெரிய வேலை.

பாடசாலைக் கறிவேப்பிலை மரம் வரைக்கும் போக அனுமதி வேண்டாமே. கறிவேப்பிலை, தேசி மரங்களின் இளம் இலைகளில் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். சிறு புழு பார்ப்பதற்குப் பறவை எச்சம் போலவே இருக்கும், கறுப்பும் வெள்ளையுமாக. “சீ, காகப் பீ” என்று விலகும் பிள்ளை, அது அசைவதைக் கண்டதும் திரும்பி வரும். வளர்ந்த பின் புழு பச்சையாகிவிடும். ஈர்க்கால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவர் போன்ற ஒரு செம்மஞ்சள் உறுப்பை நீட்டும், ஒரு நெடி அடிக்கும். எறும்பையும் எதிரிகளையும் விரட்டும் வேலை அது. புழுவை இலையோடு ஒரு பெரிய போத்தலில் வைத்து, வாயை நுளம்புவலைத் துண்டால் கட்டி, தினமும் புது இலை போட்டால், ஒரு தவணைக்குள்ளேயே முழு வாழ்க்கை வட்டத்தையும் பார்க்கலாம். வண்ணத்துப்பூச்சி வந்ததும் திறந்து விட்டுவிடுங்கள்.

நுளம்புக் குடம்பியையும் இப்படி வைத்துக் காட்டலாமா?

காட்டலாம், ஆனால் கவனம். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து நிறைவுயிரியாக ஒன்றரைக் கிழமைக்குள் வளர்ந்துவிடும். போத்தலை இறுக்கமாக வலையால் மூடி, பார்த்து வரைந்த அன்றே நீரை வெயில் காயும் மண்ணில் ஊற்றிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் போத்தலால் பாடசாலைக்கே பிரச்சினை வரும்.

எந்தப் பாடத்தை எந்த மாதத்தில் வைப்பது?

நம் பக்கத்து மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. கார்த்திகை, மார்கழியில் ஆவியாதல் பாடம் வைத்தால் தட்டில் உள்ள நீர் வற்றாது, பஞ்சில் பூஞ்சணம் பிடிக்கும். ஆனி, ஆடியில் கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும்போது வையுங்கள். ஒரே அளவு நீரை அகன்ற தட்டிலும் ஒடுங்கிய போத்தலிலும் ஊற்றினால், பாடசாலை விடுவதற்குள்ளேயே வித்தியாசம் தெரியும். மழைக்காலத்தை வாற்பேய், பூஞ்சணம், மண்ணரிப்பு, மழைமானி ஆகியவற்றுக்கு விடுங்கள்.

நிழல் பாடத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. மட்டக்களப்பு பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7.7 பாகையில் இருக்கிறது. அதனால் நண்பகலில் நட்ட தடியின் நிழல் மார்கழியில் வடக்கே விழும், ஆனியில் தெற்கே விழும். சித்திரை பிறப்பதற்குச் சற்று முன்னும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நிழலே இல்லாத நண்பகல் ஒன்று வரும். கொழும்பில் அச்சான படத்தைப் பார்த்து நிழல் எப்போதும் ஒரே பக்கம்தான் என்று சொல்லிவிடாதீர்கள். சூரியன் உதிப்பதும் அப்படித்தான்: மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைப் பிள்ளைக்கு அது கடலில் இருந்து வரும், மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளைக்கு வாவிக்கு அப்பால் இருந்து வரும். ‘சூரியன் கடலில் உதிக்கும்’ என்று எழுத வைத்தால் படுவான்கரையில் உள்ள வவுணதீவுப் பிள்ளை தன் கண்ணை நம்பாமல் போகும்.

பிள்ளை பேச்சுத் தமிழில் விடை எழுதினால் புள்ளி குறைக்கலாமா?

விஞ்ஞானத்துக்கான புள்ளியைக் குறைக்காதீர்கள். “தண்ணி காத்தோட போயிட்டு, மறுகா மழையா வரும்” என்று எழுதிய பிள்ளைக்கு நீர் வட்டம் விளங்கியிருக்கிறது. ‘ஆவியாதல்’ என்று எழுதிவிட்டு, ஆவியான நீர் எங்கே போனது என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைக்கு விளங்கவில்லை. சொல்லைப் பிறகு கொடுக்கலாம். “நீ சொன்னதற்குப் பெயர் ஆவியாதல்” என்றால் பிள்ளை அதைத் தன் சொல்லாக எடுத்துக்கொள்ளும்.

குழுவேலையில் ஒருவர் செய்ய, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

குழுவைச் சிறிதாக்குங்கள், நாலு பேருக்கு மேல் வேண்டாம். அளப்பவர், எழுதுபவர், பொருள் கொண்டு வருபவர், வகுப்புக்குச் சொல்பவர் என்று வேலையைப் பிரித்து, ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். ஆண் பிள்ளைகள் அளக்க, பெண் பிள்ளைகள் வடிவாக எழுதுகிற வழமை நம் வகுப்புகளில் தானாகவே வந்துவிடும். அதை நீங்கள்தான் உடைக்க வேண்டும்.

முப்பத்தைந்து, நாற்பது பிள்ளைகளை எப்படித் தனித்தனியாகக் கணிப்பிடுவது?

ஒரே நாளில் எல்லோரையும் பார்க்க முயல்வதால்தான் பதிவேடு கடைசியில் வீட்டில் இருந்து நிரப்பப்படுகிறது. எல்லோருக்கும் தெரிந்த இரகசியம் அது. ஒரு பாடத்துக்கு ஐந்து பிள்ளைகளை மட்டும் தெரிவு செய்யுங்கள். அவர்கள் பெயரை ஒரு சிறு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு, அவர்கள் செய்வதையும் சொல்வதையும் ஒரு வரியில் குறியுங்கள். ‘நன்று’ என்று எழுதுவதால் பயனில்லை. பிள்ளை சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள்.

படிநிலைகளையும் பிள்ளைகளின் வாக்கியங்களைக் கொண்டே அமைக்கலாம். புழுவை அவதானிக்கும் பாடத்தில், “புழு பச்சை” என்பது முதற்படி. “இலையின் ஓரத்திலிருந்து தின்னுது, நேற்றையைவிடப் பெரிசு” என்பது அடுத்தது. “நேற்று 2 சென்ரிமீற்றர், இன்று 3; பெரிசாக ஆகக் கூட இலை தின்னுது” என்பது அதற்கும் மேல். அவதானிப்பு, ஒப்பீடு, அளவீட்டோடு காரணம் என்ற இந்த மூன்றும் ஆசிரியர் வழிகாட்டியில் நீள நீளமான வசனங்களில் இருப்பவைதான்.

பாடம் முடியும்போது விளங்கியதா என்று எப்படி அறிவது?

“விளங்கிச்சா?” என்று கேட்காதீர்கள். நாற்பது பேரும் “ஓம் டீச்சர்” என்பார்கள். கால் துண்டுத் தாளில் ஒரு கேள்விக்கு விடை எழுதி, வாசலில் உங்கள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போகட்டும். பெயர்கூட வேண்டாம். தாள்களை மூன்று அடுக்காகப் பிரிக்க ஐந்து நிமிடம் போதும். நாளைய பாடத்தை எங்கே தொடங்குவது என்று அந்த அடுக்குகள் சொல்லும்.

தவணைப் பரீட்சைக்கு எப்படியான வினா எழுதுவது?

‘ஆவியாதல் என்றால் என்ன?’ என்ற வினா மனப்பாடத்தைத்தான் கேட்கிறது. மாறாக: ‘மீனவர் ஒருவர் நெத்தலியைக் குவியலாகக் காயப் போட்டார், இன்னொருவர் பரப்பிப் போட்டார். யாருடையது முதலில் காயும்? ஏன்?’ படம் ஒன்றும் வரைந்து கொடுங்கள். படித்த பிள்ளையும் யோசிக்க வேண்டும், யோசிக்கிற பிள்ளைக்குப் புள்ளியும் கிடைக்கும்.

பல்தேர்வு வினா எழுதும்போது பிழையான விடைகளைக் கற்பனை செய்யாதீர்கள். உங்கள் பிள்ளைகள் எதிர்வுகூறலில் எழுதிய பிழைகளையே போடுங்கள். ‘பாரமானதெல்லாம் தாழும்’ என்பது அப்படியான ஒன்று. தேங்காய் மிதக்கிறது, மணல் தாழ்கிறது என்று தெரிந்த பிள்ளையும் தாளில் அதைத் தெரிவு செய்யும். எத்தனை பேர் அதைத் தெரிவு செய்தார்கள் என்று எண்ணினால் எதைத் திரும்பப் படிப்பிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

படுவான்கரையில் சிறிய பாடசாலை. தரம் 3, 4, 5 ஒரே அறையில்.

அந்த வகுப்புக்கு மொழியும் கணிதமும்தான் கஷ்டம், இந்தப் பாடம் லேசு. ஒரே பயற்று மூடி மூன்று தரத்துக்கும் போதும். தரம் 3 வரையட்டும், தரம் 4 அளந்து அட்டவணை போடட்டும், தரம் 5 காரணம் எழுதட்டும். பெரிய பிள்ளைகள் சிறியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள். சொல்லிக் கொடுக்கும் பிள்ளைக்கு எது விளங்கவில்லை என்பது அப்போது வெளிவரும்.

எழுதச் சிரமப்படும் பிள்ளை?

வாயால் சொல்லட்டும், வரையட்டும், செய்து காட்டட்டும். எழுத்துப் பிரச்சினையை மொழிப் பாடத்தில் பாருங்கள்.

புலமைப்பரிசில் பரீட்சை இருக்கும்போது இதற்கெல்லாம் எங்கே நேரம்? பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள்.

நியாயமான பயம். பின்னேர வகுப்பு, மாதிரி வினாத்தாள் என்று தரம் 5 பிள்ளையின் நாள் நிரம்பியிருக்கிறது. தரம் 5இல் எல்லாவற்றையும் மாற்ற முயலாதீர்கள் என்பதுதான் என் யோசனை. தரம் 3, 4இல் இந்தப் பழக்கத்தைப் போட்டுவிடுங்கள். தரம் 5இல் கிழமைக்கு ஒரு செயற்பாடு போதும், ஆனால் அதை விடாதீர்கள். பெற்றோர் கூட்டத்தில் விளக்கவுரை வேண்டாம். முட்டையையும் மூன்று கோப்பைகளையும் கொண்டு போய் அவர்களையே எதிர்வுகூறச் சொல்லுங்கள். கடலில் தொழில் செய்யும் தகப்பன்மாரும் மிதக்கும் என்றுதான் சொல்வார்கள்.

வீட்டுச் செயற்திட்டத்தைத் தாய் தகப்பன் செய்து அனுப்புகிறார்கள்.

றெஜிபோமில் மின்சார விளக்கு எரியும் எரிமலை வருகிறதென்றால் நாம் கேட்டது அப்படியான ஒன்று. பார்த்துக் குறிக்கும் வேலையைக் கொடுங்கள்: மூன்று நாள் காலையிலும் மாலையிலும் முற்றத்து மரத்தின் நிழலை அடியால் அளந்து வருவது போல. அதில் தாய் தகப்பனுக்கு அலங்கரிக்க எதுவும் இல்லை.

வெள்ளம், சுனாமி போன்ற பாடங்களை எப்படிக் கையாள்வது?

இன்றைய பிள்ளைகள் 2004க்குப் பின்னர் பிறந்தவர்கள். ஆனால் பல வீடுகளில் படத்துக்கு மாலை போட்டிருக்கிறது. “உங்கள் வீட்டில் யார் இறந்தார்கள்?” என்று வகுப்பில் கேட்கவே வேண்டாம். கடலடி நிலநடுக்கம், கடல் உள்வாங்குவது, உயரமான இடத்துக்கு ஓடுவது ஆகியவற்றைப் படிப்பியுங்கள். பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கள். அதற்குப் புள்ளி போடாதீர்கள்.

பிள்ளை கேட்கும் கேள்விக்கு எனக்கே விடை தெரியாவிட்டால்?

“எனக்குத் தெரியாது, பார்ப்போம்” என்று சொல்லி, கேள்வியைக் கேட்ட பிள்ளையின் பெயரோடு சுவரில் ஒட்டுங்கள். ஒரு பிள்ளை கேட்டது: “இறால் ஏன் அவிச்சாச் சிவக்குது?” இறாலின் ஓட்டில் சிவப்பு நிறப்பொருள் முன்பே இருக்கிறது. ஒரு புரதம் அதைப் பற்றிப் பிடித்திருப்பதால் நிறம் வெளியே தெரிவதில்லை. வெப்பத்தில் புரதம் குலைந்ததும் சிவப்பு வெளிவருகிறது. இதைத் தேடிப் படித்து வந்து சொல்வது உங்கள் வேலை. அதற்கு முன்பு, நண்டும் சிவக்குமா, மீனும் சிவக்குமா என்று வீட்டு அடுப்படியில் பார்த்து எழுதி வரச் சொல்லுங்கள், அது அவர்கள் வேலை. வழமை போல, முதலில் எதிர்வுகூறலை எழுதிவிட்டுத்தான் போக வேண்டும்.